டன்மரியில் வேலை பழகியவர்கள் மேல் பழி போடலாமா?

பத்தாம் தரத்துக்குக் கணிதம் எடுக்கப் போனால், முன் வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளையின் கொப்பி மட்டையில் ஒரு கார் படம் ஒட்டியிருக்கும். கதவு இரண்டையும் மேலே தூக்கி வைத்திருக்கும், பறக்கப் போகிற கொக்கு மாதிரி. உடம்பு முழுக்கப் பெயின்ட் இல்லாத ஸ்டெயின்லஸ் ஸ்டீல். 1985இல் வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தில் காலத்தைத் தாண்டி ஓடுகிற அதே டிலோரியன்தான். போன கிழமை ஓய்வறையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. வாகனங்களைப் பற்றி நல்ல விளக்கமுள்ள ஒரு நண்பர் ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்: "அது கார் கட்டத் தெரியாத ஆக்கள் கட்டின கார், சேர். அதான் அப்படிப் போச்சு."

அந்த வரி எங்களுக்குச் செமிக்கவில்லை. நண்பர் சொன்னது பொய்யில்லை, அரைவாசி உண்மை. ஆனால் அந்த அரைவாசி யார் தலையில் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். ஜோன் டிலோரியன் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸில் பெரிய பதவியில் இருந்தவர். 1973இல் விலகி, தன் பெயரிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் புறப்பட்டார். 1978இல் பிரித்தானிய அரசாங்கம் அவருக்குப் பணம் கொடுக்க முன்வந்தது. நிபந்தனை, தொழிற்சாலை வட அயர்லாந்தில் வர வேண்டும். பெல்ஃபாஸ்ட் நகருக்குப் பக்கத்தில் டன்மரி என்ற இடத்தில், மாடு மேய்ந்த ஈர நிலத்தில் வேலை தொடங்கியது. ஒரு பக்கம் கத்தோலிக்கர் வாழும் ட்வின்புரூக், மறுபக்கம் புரட்டஸ்தாந்தினர் வாழும் சீமோர் ஹில். கலவரமும் வேலையின்மையும் வாட்டிய காலம். அந்த இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கூரைக்குக் கீழ் ஒரே கதவைப் பூட்டி, ஒரே சில்லை முறுக்கி வேலை செய்தார்கள். உச்சத்தில் ஏறத்தாழ 2,500 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதற்கு முதல் கார் கட்டியதே இல்லை. இவ்வளவும் எங்கள் நண்பருக்குச் சரி.

இப்போது மற்ற அரைவாசி. 1978 ஒக்டோபரில் நிலம் வெட்டத் தொடங்கி, 1981 ஜனவரியில் கார் வெளியே வந்துவிட்டது. கட்டிடம், இயந்திரம், ஆட்கள் எல்லாம் சேர்த்து இரண்டேகால் வருடம். அதே காலத்துக்குள் காரின் பொறியியல் வேலையையும் முடிக்க வேண்டியிருந்தது. அதை இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பனியிடம் கொடுத்தார்கள். ஒரு புதுக் காரை உருவாக்கப் பெரிய கம்பனிகளே நான்கைந்து வருடம் எடுத்த காலம் அது. நடுவில் இருக்க வேண்டிய எஞ்சின் பின்னுக்குப் போனது. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்சில்லுகள் மேல் விழுந்தது. கதவு மேலே தூக்குகிற கதவு; அதைச் சரியாகப் பொருத்துவது பழகிய கைக்கே சோதனை. ஆரம்பத்தில் போட்ட ஒல்டனேட்டரால் கார் இழுக்கிற கரண்டுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பிறகு வேறு ஒன்றுக்கு மாற்றினார்கள். ஒல்டனேட்டரைத் தெரிவு செய்தது தொழிற்சாலை வரிசையில் நின்றவரா?

இன்னொன்று. வெளியே மினுங்குவது கறள் பிடிக்காத உருக்கு. அதற்குக் கீழே உடம்பு பைபர் கிளாஸ். அதற்கும் கீழே எல்லாவற்றையும் தாங்கும் செசி சாதாரண இரும்பு, மேலே எபொக்சி பூச்சு. அந்தப் பூச்சு வெடித்தால் உள்ளே தண்ணீர் புகுந்து கறள் பிடிக்கும். பார்க்கிற இடத்தில் செலவழித்து, பார்க்காத இடத்தில் மிச்சம் பிடித்தார்கள். எங்களைக் கேட்டால் அந்தக் காரின் முழுக் கதையும் அந்த மூன்று அடுக்கில் இருக்கிறது.

இனி கொஞ்சம் கணக்கு. கணித வாத்தியார் பதிவென்றால் கணக்கு இல்லாமல் போகுமா?

ஒரு பின் லைட் செய்ய அச்சு வெட்ட வேண்டும், வெளிச்சத்தைச் சோதித்து அரசாங்க அனுமதி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எடுத்துக்காட்டுக்குத்தான்). ஒரு லட்சம் கார் விற்கிற கம்பனிக்கு ஒரு காருக்கு 100 ரூபாய். 500 கார் விற்கிற கம்பனிக்கு ஒரு காருக்கு 20,000 ரூபாய். இது பின் லைட்டுக்கு மட்டும். கதவுப் பிடி, யன்னல் சுவிட்ச், கண்ணாடி, ஹீட்டர், பூட்டு என்று ஒரு காரில் ஆயிரக்கணக்கில் சாமான் இருக்கிறது. சின்னக் கம்பனி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் இந்த வகுத்தலில் இருந்து தப்ப முடியாது. ஆகவே சின்னக் கம்பனி செலவைக் குறைக்கிறதே என்று கோபிப்பதில் அர்த்தமில்லை. எந்த இடத்தில் குறைக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

கடன் வாங்குவது நாணயமான வழி. 1990களில் உலகத்திலேயே விலை கூடிய, வேகம் கூடிய காராக இருந்த மக்லாரன் எஃப்1 மொத்தமாக 106தான் கட்டப்பட்டது. அதன் பின் லைட்கள் போவா என்ற ஒல்லாந்து பஸ்ஸின் லைட்கள். அஸ்டன் மார்ட்டின் டிபி7க்கு மஸ்டா 323இன் பின் லைட். ஜேம்ஸ் பொண்ட் படத்தில் கடலுக்குள் இறங்கிய லோட்டஸ் எஸ்பிரிட்டின் கதவுப் பிடி, மொரிஸ் மரீனா என்ற சாதாரண குடும்பக் காரின் பிடி. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சிரிக்க மாட்டோம். பல்லாயிரம் கார்களில் போட்டு, மழையிலும் பனியிலும் பரிசோதிக்கப்பட்ட பிடி அது. உடைந்தால் கடையில் மலிவாக வாங்கலாம். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஒரு சின்னச் சாமானுக்காகப் பஞ்சிகாவத்தை வரை அலைந்தவர்களுக்கு இதன் பெறுமதி நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடன் வாங்கினால் அதன் நோயும் சேர்ந்து வரும், அதையும் சொல்ல வேண்டும். 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் எங்கள் பார்வையில் சின்னக் கம்பனி ஒன்று செய்த மிகக் கெட்டிக்காரத்தனமான கார். அலுமினியத் துண்டுகளை உருக்கி ஒட்டாமல் பசையால் ஒட்டிய செசி. செசியின் எடை 70 கிலோவுக்கும் குறைவு, முழுக் காரும் 725 கிலோ அளவு. பெரிய அச்சுகள் தேவையில்லை, வெல்டிங்கில் நெளிவதும் இல்லை. மிச்சம் பிடிப்பதே நல்ல வடிவமைப்பாக மாறிய இடம் இது. ஆனால் எஞ்சின் ரோவரிடம் இருந்து வாங்கிய கே வகை எஞ்சின். அதன் ஹெட் கெஸ்கட் பலவீனம் ஊரறிந்தது. லோட்டஸ் செய்யாத பிழைக்கு லோட்டஸ் வாங்கியவரும் கராஜில் காத்திருந்தார். பிறகு டொயோட்டா எஞ்சினுக்கு மாறிய பின்தான் அந்தத் தலையிடி தீர்ந்தது.

கடன் வாங்காமல் சொந்தமாகச் செய்தால்? அதற்கு டிவிஆர் உதாரணம். இங்கிலாந்தின் பிளாக்பூலில் இருந்த கம்பனி. ரோவரின் பழைய வி8 எஞ்சினைப் போட்டு ஓடிக்கொண்டிருந்தவரை காலம் ஏதோ போனது. பிறகு 'ஸ்பீட் சிக்ஸ்' என்று சொந்த எஞ்சின் செய்தார்கள். அழகான எஞ்சின், சத்தமே தனி. ஆனால் வால்வு பக்கத்தில் தேய்மானம். எத்தனையோ பேர் எஞ்சினைக் கழற்றி முழுதாகத் திருத்த வேண்டி வந்தது. பெரிய கம்பனி ஒரு புது எஞ்சினை வருடக்கணக்கில் மேசையில் ஓடவிட்டு, வெயில் நாட்டிலும் பனி நாட்டிலும் ஓட்டி, உடைத்து, திருத்தி, மறுபடி உடைத்துத்தான் விற்கும். சின்னக் கம்பனியிடம் அதற்குக் காசு இல்லை. ஆகவே அந்தச் சோதனையைச் செய்தது யார்? காசு கொடுத்து வாங்கியவர். 2004இல் கம்பனி கைமாறியது, 2006இல் பிளாக்பூலில் உற்பத்தி நின்றது.

இங்கேதான் எங்கள் பிரிகோடு இருக்கிறது. பஸ்ஸின் லைட்டைப் போட்டால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற சிக்கனம். பிடிக்காதவர் வாங்காமல் போகலாம். சோதனையைக் குறைத்தால் அது தெரியாத சிக்கனம். கடையில் நிற்கும்போது எந்தக் கண்ணுக்கும் படாது. வாங்கியவரின் கணக்கில் கடனாக எழுதப்பட்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு வட்டியோடு வரும்.

பைபர் கிளாஸும் இப்படித்தான். கரையோர ஊர்க்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தகட்டை அழுத்தி உடம்பு செய்ய வேண்டுமென்றால் இரும்பு அச்சுகளுக்கே பெருங்காசு. பைபருக்கு அச்சு மலிவு. மேட்டை விரித்து ரெசின் பூசிக் காய விட்டால் சரி. ஒவ்வொன்றுக்கும் நேரமும் கூலியும் கூட, ஆனால் சில நூறு என்றால் அதுதான் இலாபம். அதனால்தான் லோட்டஸ், டிவிஆர் எல்லாம் பைபர். ஆனால் பைபரின் நல்லது கெட்டது மேலே தெரியாது. மேல் பூச்சு எப்போதும் மினுங்கும். உள்ளே எத்தனை மேட், ரெசின் எல்லா இடமும் ஊறியதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்பது பூசிய கைக்கும், அவசரப்படுத்திய முதலாளிக்கும் மட்டும் தெரியும்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் வாப்பாவுக்கும் ஒரு பைபர் போட் கிடைத்தது. யார் தந்தது, எங்கே கட்டியது என்று எழுதப் போவதில்லை. தந்தவர்களின் மனது நல்ல மனதுதான். அந்த நேரம் போட் கட்டத் தெரிந்த இடங்களோடு தெரியாத இடங்களும் புதிது புதிதாக முளைத்தன. எல்லோருக்கும் அவசரம், எண்ணிக்கை காட்ட வேண்டும். வாப்பா போட்டைச் சுற்றி வந்து, விரல் மொட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். "மெல்லிசாக் கிடக்கு மகன்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கடல் கொந்தளிக்கிற காலம் ஒன்று முடிவதற்குள் அடிப்பக்கம் வெடித்தது. அதைக் கட்டிய பொடியன்களை வாப்பா ஒரு நாளும் ஏசியதில்லை. "நாலு மேட் போடச் சொன்னா நாலு போட்டிருப்பானுகள். ரெண்டு போடச் சொல்லியிருக்காங்க," என்பார்.

மினுக்கத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கொலின் சப்மனுக்கு நன்றாகத் தெரியும். லோட்டஸைத் தொடங்கியவர் அவர்தான். 1957இல் அவர் காட்டிய எலீட் என்ற காரில் செசியே இல்லை. பைபர் உடம்புதான் எல்லாவற்றையும் தாங்கியது. அந்தக் காலத்தில் யாரும் துணியாத வேலை. ஆனால் எடை தாங்கும் பொருத்துகள் பைபரில் இருந்து பிய்ந்து வரும் தொல்லை இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் கார்தான் கட்டினார்கள். விற்ற ஒவ்வொன்றிலும் நட்டம் என்று சொல்வார்கள். 1962இல் அடுத்த கார் எலான். அதில் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு மடித்த தகட்டுச் செசி. பைபர் அதன் மேல் சட்டை மாதிரி. மலிவு, பலமும் கூட. ஒரே மனிதர், ஐந்தே வருடம். முதல் பாடத்தைப் படித்துத்தான் இரண்டாவதைச் செய்தார். சப்மனைப் பற்றிப் பின்னால் கசப்பாகவும் எழுதப் போகிறோம், ஆகவே இந்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கார்களில் பல பெட்டியில் கழற்றிய நிலையில் விற்கப்பட்டன. முழுக் காருக்குக் கொள்வனவு வரி, சாமானாக வாங்கினால் வரி இல்லை. வாங்கியவர் வீட்டு முற்றத்தில் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். 1973இல் வரி முறை மாறும்வரை இது ஓடியது. ஒரு நட் தளர்ந்திருந்தால் பழி யாருக்கு? பூட்டியவருக்கு! கம்பனிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்.

சரி, டன்மரிக்குத் திரும்புவோம். முதலில் வந்த கார்களில் குறை நிறைய இருந்தது உண்மை. கப்பலில் அமெரிக்கா போனதும், விற்பனை நிலையத்துக்கு அனுப்புமுன் தனி இடங்களில் வைத்துக் கதவு முதல் வயரிங் வரை திருத்தினார்கள். டன்மரியில் செய்திருக்க வேண்டிய வேலையை அமெரிக்காவில் மறுபடி செய்தார்கள். மிச்சம் பிடித்த நேரத்துக்கு இரட்டைக் கூலி கொடுத்தார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் கவனியுங்கள்: மாதங்கள் போகப் போகக் கார் நன்றாக வந்தது. பின்னால் வந்தவை முதலில் வந்தவற்றைவிடத் தரமானவை என்று அந்தக் கார்களை வைத்திருப்பவர்களே சொல்கிறார்கள். ஆட்கள் அதே ஆட்கள். 1981 மே மாதம் உண்ணாவிரதம் இருந்து பொபி சாண்ட்ஸ் சிறையில் இறந்தபோது ட்வின்புரூக் கொந்தளித்தது, அவருடைய வீடு அங்கேதான். பெட்ரோல் குண்டு தொழிற்சாலை வளவுக்குள் விழுந்து எரிந்தது. அதற்குப் பிறகும் அந்த மனிதர்கள் வேலைக்கு வந்தார்கள், கார் வெளியே வந்துகொண்டிருந்தது.

கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தை நினைத்துப் பார்க்கிறோம். மூன்றாம் வருடம் பாடசாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் மாதம் நாங்கள் எடுத்த பின்னப் பாடத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம். பின் வாங்கில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் ஒரு தவணை வீணாகியிருக்கும். பழகாதவரை வரிசையில் நிறுத்துவது குற்றமில்லை. பழகுவதற்கு விடாமல், முதல் நாளில் இருந்தே எண்ணிக்கை கேட்பதுதான் குற்றம். டன்மரியில் அதுதான் நடந்தது. 1981 கடைசியில் அமெரிக்காவில் பொருளாதாரம் சுருங்கி, 25,000 டொலர் விலையில் கார் விற்காமல் நின்றபோது, உற்பத்தியைக் குறைக்கவில்லை. இரட்டிப்பாக்கினார்கள், நாளொன்றுக்கு 80 வரை. பெயரில் இருக்கும் 12, ஆரம்பத்தில் நினைத்த 12,000 டொலர் விலையைக் குறிப்பது என்பதையும் இங்கே ஞாபகப்படுத்த வேண்டும்.

1982 பெப்ரவரியில் கம்பனி கடன்காரர் சார்பான நிர்வாகத்துக்குப் போனது. அந்த வருட ஒக்டோபரில் ஜோன் டிலோரியன் போதைப்பொருள் வழக்கில் கைதானார், 1984இல் விடுதலையானார். ஏறத்தாழ 9,000 கார்களோடு கதை முடிந்தது. 2,500 குடும்பங்கள், திரும்பவும் வேலையில்லை.

பணம்? அரசாங்கம் கொடுத்தது ஏறத்தாழ 8 கோடி பவுண். அதில் காரை உருவாக்கவென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு கோடி டொலருக்கும் மேல் ஜிபிடி என்ற, பனாமாவில் பதிந்த ஒரு கம்பனி வழியாகத் திரும்பி வராமல் போய்விட்டது. லோட்டஸின் நிதிப் பொறுப்பாளராக இருந்த பிரெட் புஷல் 1992இல் சிறைக்குப் போனார். சப்மன் 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். அவர் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது பத்து வருடம் கொடுத்திருப்பேன் என்று நீதிபதி சொன்னார். ஒல்டனேட்டருக்கும் சோதனைக்கும் செசியின் பூச்சுக்கும் காசு போதவில்லை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு கோடி டொலரையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். பிறகு சொல்லுங்கள், பிழை கதவு பூட்டிய கையிலா?

எல்லாச் சின்னக் கம்பனியும் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் மல்வேர்னில் மோகன் என்று ஒன்று இருக்கிறது. மரச் சட்டம் அடித்து, ஆறுதலாகக் கார் கட்டுவார்கள். அந்தக் காலத்தில் வாங்கப் போனவர் வருடக்கணக்கில் வரிசையில் நின்றார். 1990இல் ஹார்வி ஜோன்ஸ் என்ற பெரிய தொழில் நிபுணர் தொலைக்காட்சிக் கமராவோடு போய், உற்பத்தியைக் கூட்டுங்கள், விலையைக் கூட்டுங்கள் என்று புத்தி சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. அன்றைக்கு அவர்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்று அந்தப் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொன்னோம். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த அச்செல்லாம் என்ன ஆச்சு, சேர்? ஸ்டீல் தகட்டை அடிக்கிற அச்சு?"

கணக்கில் நாங்கள் சொன்ன அச்சை அவர் மறக்கவில்லை. நல்ல கேள்வி, விடையும் இருக்கிறது. தொழிற்சாலை மூடிய பிறகு அந்தப் பெரிய இரும்பு அச்சுகளைப் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கொனமாரா பக்கம், கடலில் மீன் வளர்க்கிற கூடுகள் அலையில் அடித்துப் போகாமல் இருக்க நங்கூரமாகக் கட்டிக் கீழே இறக்கினார்கள். அங்கேதான் கிடந்தன. வாப்பாவிடம் இதைச் சொன்னபோது, "எத்தின அந்தர் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.